பசை போடாத குழாய்

பசை டப்பாவின் மூடியை அரைச்சுற்று திருகியதுமே நெடி மூக்கில் ஏறியது. பெட்ரோல் பங்கையும் ஆஸ்பத்திரி வராந்தாவையும் ஒரே டப்பாவுக்குள் அடைத்துவைத்த மாதிரி. பொற்கொடி மூடியிலிருந்து கையை எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, காதைத் தரைப்பக்கம் சாய்த்தாள்.

குளியலறையின் பாதித் தரை பெயர்ந்து கிடந்தது. போன வாரம்வரை பாத்டப் இருந்த இடத்தில் இப்போது ஒரு குழி. குழியின் நடுவில், கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குள் இறங்கும் பழைய குழாயின் வாய். அந்தக் குழாயைச் சுற்றியிருந்த இடுக்கு வழியாகக் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஊரே கூடி உட்கார்ந்து செய்தித்தாளை மெல்ல மெல்லக் கசக்குவது போன்ற சத்தம். வீட்டுக்காரம்மாவின் பட்டுப்புழுக்கள் மல்பெரி இலை தின்கின்றன.

"ஏம்மா பொற்கொடி," அதே இடுக்கு வழியாகச் சரோஜம்மாளின் குரல் வந்தது. "மேல என்னமோ வாடை அடிக்குதே?"

"ஒண்ணுமில்லம்மா. மூடிட்டேன்."

"என்னத்த மூடினே?"

"டப்பாவ."

பிறகு சரோஜம்மாள், போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் எவனோ தக்காளிக்கு மருந்தடித்ததில், ஒரே காற்றில் தட்டு தட்டாகப் புழுக்கள் பச்சையாகக் கக்கிச் சுருண்டதை இன்னொரு தடவை சொன்னாள். மிரட்டும் குரல் இல்லை. நேற்றுச் சந்தையில் பார்த்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதனாலேயே பொற்கொடி மூடியை இன்னொரு தடவை இறுக்கினாள்.

கணவன் பிரதாப் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது அனுப்பியிருந்த குரல் பதிவை அவள் மறுபடி போட்டுக் கேட்டாள். குழாயை அவன் அளந்து வெட்டி வைத்துவிட்டுத்தான் இரவு ஷிஃப்டுக்குப் போயிருந்தான். துடைத்துவிட்டு இரண்டு பக்கமும் பசை தடவ வேண்டும், ஒரே தள்ளாகத் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் மேலே சிமென்ட். கடைசியில் பஸ் இரைச்சலுக்கு நடுவே, "இது ஒண்ணு தப்பாப் போச்சுன்னா எல்லாமே வீண், பாத்துக்க" என்றிருந்தான்.

அவள் டப்பாவை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு முடிந்து, இன்னொரு பைக்குள் போட்டு முடிந்து, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். குழாய்க்காரர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை எடுத்து, புதுக் குழாயின் முனையில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு உட்கார்ந்த வாக்கில் இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினாள். முனகிக்கொண்டு இறங்கியது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. இதைவிட என்ன வேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு சிமென்ட் குழைத்தாள். இடுக்கை மூடி, இணைப்பை மூடி, கரண்டியால் நீவி நீவிப் பளபளப்பாக்கினாள். கீழே இலை தின்னும் சத்தம் மெல்ல அமுங்கி, இல்லாமல் போயிற்று.

அந்த வீடு மத்திகிரியில் கால்நடைப் பண்ணையைத் தாண்டிப் போகிற சாலையில், ஒரு சரிவில் இருந்தது. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு படிகூட ஏறாமல் நேராக நுழையும் சாதாரண வீடு. அதில் பிரதாப்பும் பொற்கொடியும் வாடகைக்கு இருந்தார்கள். பின்பக்கம் சரிவில் இறங்கிப் போனால்தான் அதற்குக் கீழே இன்னொரு வீடு இருப்பது தெரியும். அது மல்பெரித் தோட்டத்தைப் பார்த்திருக்கும் சரோஜம்மாளின் வீடு. அதில் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும் உள்ளறையைத்தான் அவள் புழுவுக்குக் கொடுத்திருந்தாள். மேல்வீட்டுக் குளியலறை அந்த அறையின் தலைக்கு நேர் மேலே.

பாத்டப் சரோஜம்மாளின் கணவர் நாராயணப்பனின் ஆசை. குருபரப்பள்ளிப் பக்கம் நெடுஞ்சாலையோர ஓட்டல் ஒன்றை இடித்தபோது அதை லாரியில் போட்டுக் கொண்டுவந்து மேல்வீட்டில் பதித்தார். வெளிநாட்டு இன்ஜினியர் யாராவது வாடகைக்கு வருவார் என்று எண்ணம். யாரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் தண்ணீர் வராத நாளுக்கு அதில் நிரப்பி வைத்துக்கொண்டார்கள். பிரதாப்பும் பொற்கொடியும் அதற்குள் வாளியை வைத்து, நின்றுகொண்டே குளித்தார்கள்.

அவளுடைய அப்பா வெள்ளைச்சாமிக்கு அது பிடிக்கவே இல்லை. அருப்புக்கோட்டைக்காரர். ஒரு நாளைக்கு இரண்டு வேளை தலைக்கு ஊற்றிக்கொள்ளாவிட்டால் சோறு இறங்காது. அம்மா போன பிறகு மகளிடம் வந்தவர், ஓசூர்ப் பனியில்கூட விடிந்ததும் பச்சைத் தண்ணீர்தான். எருமை மாட்டுத் தொட்டிக்குள் இறங்கி ஏறுகிறாற்போல இருக்கிறது என்று தினமும் திட்டிக்கொண்டே இறங்கி ஏறினார். ஒருநாள் ஏறும்போது ஈரக்கால் விளிம்பில் வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது.

ஆபரேஷன் முடிந்த அன்று அண்ணன் முத்துமணி ஆஸ்பத்திரிக்கு வந்தான். எக்ஸ்ரேயைப் பார்த்தான், பிறகு வீட்டுக்கு வந்து பாத்டப்பைப் பார்த்தான். தன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, தானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். மதுரையில் ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னான். பொற்கொடி அழவில்லை. பாத்ரூமைச் சரிசெய்துவிட்டால் அப்பா தன்னிடமே இருக்கட்டும் என்றாள். அவன் நெடுநேரம் யோசித்தான்.

"டிஸ்சார்ஜ் அன்னிக்கு நானே அழைச்சுட்டு வர்றேன். பாத்ரூம நானே பாக்குறேன். சரியா இருந்தா அப்பா இங்க. இல்லேன்னா வண்டி அப்படியே மதுரைக்குப் போகும். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

டிஸ்சார்ஜ் வெள்ளிக்கிழமை என்றார்கள். ஆனால் சரோஜம்மாளின் புழுக்கள் கடைசித் தோலை உரித்துவிட்டு, கூடு கட்டுவதற்கு முந்தைய பெரும்பசியில் இருந்தன. அந்த நேரத்தில் அந்த வீட்டின் சட்டங்கள் மேல்வீட்டுக்கும் சேர்த்துத்தான். கொசுவர்த்தி கிடையாது, ஊதுபத்தி கிடையாது. பிரதாப் சென்ட் அடிப்பதை விட்டே ஒரு வருஷம் ஆகிறது. வெளியாள் யாரும் வாசலை மிதிக்கக் கூடாது. எந்தத் தோட்டத்து நோயை யார் காலில் கொண்டுவருகிறார்கள் என்று தெரியாது. கொத்தனாரைக் கூப்பிடும் பேச்சுக்கே இடமில்லை. கூடு கட்டி முடியட்டும் என்றாள் சரோஜம்மாள். வெள்ளிக்கிழமையைச் சொன்னதும் இலைக்கொத்துகளை உதறிக்கொண்டே இருந்தாள். கடைசியில், நீங்களே செய்வதானால் செய்யுங்கள், தூசி விழக்கூடாது, வாடை வரக்கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கக்கூடாது என்றாள்.

அப்படித்தான் ஒரு டூல்ரூம் மிஷின்காரனும், கம்பெனி லைனில் ஒயர் சொருகுகிற ஒரு பெண்ணும் குளியலறை கட்டத் தொடங்கினார்கள். பிரதாப் ராத்திரி முழுக்கக் கம்பெனியில் நின்றுவிட்டு, பகலில் ரப்பர் சுத்தியலால் ஒரு நோயாளியின் முதுகைத் தட்டுவதுபோலத் தரையைத் தட்டினான். உதிர்ந்ததையெல்லாம் ஈரத்துணியில் ஒற்றி எடுத்தார்கள். பாத்டப்பை நாராயணப்பனும் சேர்ந்து தூக்கினார். தோட்டத்தில் கொண்டுபோய் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைத்துவிட்டு, கடைசியில் என் பசுவுக்குத்தான் ஃபாரின் யோகம் என்று அவரே சிரித்துக்கொண்டார்.

பசை டப்பாவை ஒளித்துவைத்த மறுநாள் காலை, பிரதாப் சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே குளியலறைக்குள் போய் நின்றான். குனிந்து, சிமென்டின் மேல் விரல்களின் பின்பக்கத்தால் தடவினான். மிஷினிலிருந்து எடுத்த உருப்படியை அவன் அப்படித்தான் தடவிப் பார்ப்பான்.

"பசை ரெண்டு பக்கமும் போட்டேல்ல?"

"ம்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஓர் எழுத்தோடு அவன் திரும்பி, சொன்னால் சொன்னபடி செய்கிறவள் நீ ஒருத்திதான் என்று சொல்லி, சாப்பிடக்கூடப் போகாமல் வாட்டம் எடுக்க உட்கார்ந்தான். தண்ணீர் எந்த மூலையில் விழுந்தாலும் ஓட்டையை நோக்கித்தான் ஓட வேண்டும். பாக்கெட்டிலிருந்து பேரிங் குண்டு ஒன்றை எடுத்து மூலைக்கு மூலை வைத்து விட்டான். குண்டு தயங்குகிற இடத்தில் சிமென்டைச் சுரண்டினான், மறுபடி விட்டான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

தண்ணீர் கசியாமலிருக்க வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். அது சிமென்ட் பால்தான், வாடை இல்லை. அது காய்ந்த பிறகு தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றான் பிரதாப். ஓட்டையின் வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு பகலும் ஓர் இரவும் விட வேண்டும். சரோஜம்மாள் முதலில் மாட்டேன் என்றாள். பிறகு தன் கட்டிலைப் புழு அறையின் வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மூங்கில் கழியைப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் கூரையைத் தட்டுவேன், அந்த நிமிஷமே தண்ணீரை இறைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

பொற்கொடி அந்தப் பகலை எப்படிக் கழித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பாத்திரம் உருண்டால் திடுக்கிட்டாள். தெருவில் எவனோ சைக்கிள் ஸ்டாண்டை உதைத்தபோது கையிலிருந்த டம்ளர் விழுந்தது. கழி தட்டவில்லை. மறுநாள் தண்ணீர் பென்சில் கோட்டிலேயே நின்றது. பிரதாப் அவளைத் தோளோடு சேர்த்து உலுக்கினான். கீழேயிருந்து சரோஜம்மாள், உன் புருஷன் பேசாமல் கம்பெனியை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வரலாம் என்று சொல்லியனுப்பினாள்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஓட்டையின் வாயை அடைத்துவிட்டுத்தானே தண்ணீர் கட்டினார்கள். அந்தத் தண்ணீர் இணைப்பின் பக்கமே போகவில்லை. எது சரியாக இல்லையோ அதைச் சோதிக்கவே இல்லை. இது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இப்போது சொன்னால் பூச்சை மட்டும் உடைத்தால் போதும். டைல்ஸ் ஒட்டிய பிறகு சொன்னால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். உடைத்தாலும் மறுபடி அதே பசை, அதே நெடி, கீழே அதே புழு. வெள்ளிக்கிழமைக்குள் எதுவும் நடக்காது. அழுத்தித்தானே தள்ளினோம், இழுத்தும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். அவன் டைல்ஸுக்குச் சிமென்ட் குழைக்கச் சொன்னபோது குழைத்துக் கொடுத்தாள்.

சொரசொரப்பான சாம்பல் நிற டைல்ஸ். சுவரில் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி. உட்கார்ந்து குளிக்க ஒரு மேடை. ஷவர் தலை உயரத்தில் இல்லாமல், கையில் பிடித்து ஊற்றிக்கொள்கிற மாதிரி. வாசலில் ஒரு விரற்கடை மேடுகூடக் கிடையாது. கால் தூக்க வேண்டியதே இல்லை. வியாழக்கிழமை பிரதாப் டைல்ஸ் மேல் காய்ந்திருந்த சிமென்டைத் தேய்த்து வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவினான். தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓட்டைக்குள் இறங்கியது. பொற்கொடி கூடத்தில் நின்று கழியின் சத்தத்துக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

அப்படியும் மனசு அடங்காமல், சாயங்காலம் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு கீழே போனாள். வாசலில் வைத்திருந்த பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்து, கை கழுவி, உள்ளே நுழைந்தாள். அடுக்கடுக்காகத் தட்டுகள். விரல் தடிமனுக்கு வெள்ளைப் புழுக்கள். சரோஜம்மாள் தலை நிமிராமல் இலைக்கொத்துகளைப் பரப்பிக்கொண்டே, புழுவோடு கன்னடத்தில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். புழுவோடு கன்னடம், குடித்தனக்காரர்களோடு தமிழ், நாராயணப்பனோடு சண்டையென்றால் தெலுங்கு.

பொற்கொடி மேலே பார்த்தாள். குழாய் கூரையைத் துளைத்து இறங்குகிற இடத்தில், சுண்ணாம்பில், ஒரு ஈர வளையம். தோசைக் கரண்டி அகலம். சொட்டவில்லை. கறுத்துப்போய், அப்படியே இருந்தது. அதற்கு நேர் கீழே மேல்தட்டு.

"இங்க பாரு," என்றாள் சரோஜம்மாள். அவள் காட்டியது ஒரு புழுவை. தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது; உடம்பு லேசாக மஞ்சள் ஓடி, உள்ளே வெளிச்சம் போகிறாற்போல. "பழுக்க ஆரம்பிச்சிருச்சு, இனி கூடு கட்டிரும். உங்கப்பா வர்ற நேரம் பாரு. ராசிக்காரரு."

பொற்கொடி ஏதோ சொன்னாள். மேலே வந்து, டைல்ஸ் இடுக்குகள் நன்றாகக் காயட்டும், நாளைவரை யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது என்றாள். பிரதாப், கொத்தனாரே தோற்றார் என்று மெச்சிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் முத்துமணியின் கார் வந்தது. வெள்ளைச்சாமி வாக்கரை ஊன்றி, படியேறாமல், வாசல் வழியாக நேராக உள்ளே வந்தார். இளைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் மகளைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சோறு மனுஷன் தின்பானா என்று ஆரம்பித்தார்.

முத்துமணி நேராகக் குளியலறைக்குப் போனான். பிரதாப் பின்னாலேயே போய் நின்றான். அண்ணன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து முழு எடையோடு தொங்கிப் பார்த்தான். மேடையில் உட்கார்ந்து பார்த்தான். பிரதாப் பேரிங் குண்டை மூலையில் விட்டுக் காட்டினான். அது நேராக ஓடி ஓட்டையின் மேல் போய் நின்றது. முத்துமணி அதை எடுத்து வேறு மூலையில் விட்டான். அங்கிருந்தும் ஓடியது. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதைப் பொற்கொடி வாசலில் நின்று பார்த்தாள்.

"பரவால்ல மாப்ள," என்றான். "நான் இவ்வளவு எதிர்பாக்கல. ஈரத்துல வழுக்குதான்னு மட்டும் பாத்துருவோம். தண்ணி விடுங்க."

பிரதாப் கை நீட்டுவதற்குள் அவனே தண்ணீர்க் குழாயின் திருகைப் பிடித்துவிட்டான். பொற்கொடிக்கு அந்த ஈர வளையம் கண்ணுக்குள் வந்தது; அதற்குக் கீழே தலையைத் தூக்கி ஆட்டுகிற புழு. ஒரு நிமிஷம் விட்டால் போதும். அண்ணன் திருப்தியோடு டீ குடித்துவிட்டுப் போய்விடுவான். அப்பா இங்கேயே இருப்பார்.

அவள் உள்ளே போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்ணே. தண்ணி விடக் கூடாது."

"ஏன்?"

"ஒழுகுது. கீழ புழு இருக்கு."

பிரதாப் சிரித்தான். ஒழுகாது, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்த்தோமே என்று மச்சானுக்கு விளக்கத் தொடங்கினான். அவள் குறுக்கிட்டு, குழாய்க்குப் பசை போடவில்லை என்றாள். வாடை வரக்கூடாது என்று டேப் சுற்றித் தள்ளிவிட்டேன் என்றாள். பசை டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது என்றும் சொன்னாள், யாரும் கேட்காமலே.

"நீ ம்-ன்னு சொன்ன," என்றான் பிரதாப். குனிந்து, ஓட்டையின் மேல் நின்ற குண்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

முத்துமணி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குழாயிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டான். நீ கஷ்டப்பட்டது தெரிகிறது, ஆனால் பேச்சு பேச்சுதான் என்று மெதுவாகச் சொன்னான். கூடத்துக்குப் போய், அப்பாவின் மருந்துப் பையைக் கையில் எடுத்தான்.

"எங்க தூக்குற?" என்றார் வெள்ளைச்சாமி.

"மதுரைக்குப்பா. இங்க குளிக்க முடியாது."

"குளிக்கவா?" கிழவர் மகனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "தையல் பிரிக்கிற வரைக்கும் இடுப்புல தண்ணியே படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக. துணிய நனைச்சுத் துடைக்கிறதோட சரி. குளிக்கப் போறது யாரு? நான். எங்கிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீகளா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. முத்துமணி பையோடு நின்றான். தையல் பிரித்த பிறகு என்ன செய்வதாம் என்றான்.

"அப்ப வா. வந்து நீயே பாரு. ஒழுகுச்சுன்னா நானே வண்டியில ஏறிக்கிடுறேன்." பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவ உன்னைத் தண்ணியத் தொறக்க விட்டுருக்கலாம்ல. விட்டுருந்தா நீ இந்நேரம் கெளம்பிப் போயிருப்ப."

முத்துமணி பையை மறுபடி மேசையில் வைத்தான். டீ குடிக்காமலே போனான். தையல் பிரித்ததும் வருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

பொற்கொடி அதற்கு முன்பே கீழே இறங்கியிருந்தாள். கால் நனைத்து, கை கழுவி, சரோஜம்மாளைக் கூப்பிட்டு வளையத்தைக் காட்டினாள். சரோஜம்மாள் அண்ணாந்து பார்த்தாள். முதலில் வந்தது கன்னடம், என்ன செய்துவிட்டாய் என்று. மேல்தட்டை இழுத்து, இன்னொரு தட்டை இழுத்து, அறையின் மறுகோடிக்கு நகர்த்திய பிறகுதான் தமிழ் வந்தது.

"வாடை வேணாம்னு சொன்னது நானு. குழாய ஒட்டாதேன்னு சொன்னேனா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா தட்டையெல்லாம் வெளிய எடுத்து வச்சிருக்க மாட்டேன்? ரெண்டு ஆளு, அரை நாளு வேலை. நீயா எம்புழுவுக்கு ஆத்தாளாயிட்டே."

பொற்கொடி தட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம்வரை இருவரும் தட்டுகளை நகர்த்தினார்கள். சரோஜம்மாள் போ என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புழு மொத்தமும் பழுத்தது. பழுத்த புழுவை உடனே பொறுக்கி, கூடு கட்டுவதற்கென்று மூங்கிலில் பின்னிய வட்டச் சந்திரிகைகளில் விட வேண்டும். பிந்தினால் தட்டிலேயே நூலை வீணாக்கும். பிரதாப்பை, ஆயில் நாற்றம் அடிக்கிறவன் கிட்டே வரவேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள் சரோஜம்மாள். பொற்கொடியைக் கூப்பிட்டாள். பொறுக்கப் பொறுக்கச் சந்திரிகைகளைத் தோட்டத்துப் பக்கக் கொட்டகை நிழலில் சாத்தினார்கள். உள்ளறை காலியானது. அந்தக் கூரைக்குக் கீழே இப்போது எதுவும் இல்லை.

அவள் மேலே வந்தபோது பிரதாப் உளியோடு உட்கார்ந்திருந்தான். இத்தனை நாளாக அவளிடம் அவன் பேசியதெல்லாம் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் சொல்வது போன்ற பேச்சு: மாத்திரை கொடுத்தாயிற்று, கேஸ் தீரப்போகிறது. இப்போதும் பேசாமல், தான் ஒட்டியதிலேயே நேர்த்தியாக அமைந்த டைல் ஒன்றை, ஓட்டையைச் சுற்றியிருந்ததை, ஒரே அடியில் உடைத்தான். சிமென்டைக் கொத்தி எடுத்தான். வெள்ளை டேப் ஊறிப்போய் நூல்நூலாகத் தொங்கியது. அவன் இரண்டு விரலால் குழாயைப் பிடித்துத் தூக்கினான். அன்று அவள் இழுத்தபோது வராதது, இன்று ஆடுகிற பல் மாதிரி கழன்று வந்தது.

அவன் அதைத் தரையில் வைத்தான். எழுந்துபோய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்து, பைக்குள்ளிருந்த பையை அவிழ்த்து, அவள் முன்னால் வைத்தான்.

"போடு. நான் பிடிச்சுக்கிறேன்."

அவள் மூடியைத் திருகினாள். நெடி அறை முழுக்க ஏறியது. இரண்டு பக்கமும் தடவி, ஒரே தள்ளாகத் தள்ளினாள்; அவன் கை அவள் கை மேல் அழுந்தி நின்றது. இடுக்கு வழியாகக் கீழேயிருந்து இருமல் கேட்டது. பிறகு சரோஜம்மாளின் குரல்: "தேவுடா, என்ன வாடை இது. புழு மட்டுமில்ல, எங்க வீட்டுக்காரரே சுருண்டுருவாரு."

பிரதாப் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

அந்த நிற டைல் கடையில் தீர்ந்துபோயிருந்தது. ஓட்டையைச் சுற்றி ஒன்று மட்டும் வேறு சாம்பல்.

தையல் பிரித்த மறுநாள் முத்துமணி வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குளியலறை வாசலில் நின்றான். வெள்ளைச்சாமி வாக்கரோடு, காலைத் தூக்காமல், உள்ளே நகர்ந்துபோய் மேடையில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழே சரோஜம்மாள் மூங்கில் கழியோடு காலி அறையில் நின்றாள். புதுக் குஞ்சுப் புழுவைக் கொண்டுவரத் தேதி வாங்கியிருந்தாள். ஒரு குளியலாவது பார்க்காமல் கொண்டுவர மாட்டேன் என்றிருந்தாள்.

பொற்கொடி முதல் வாளியை அப்பாவின் தலையில் ஊற்றினாள். தண்ணீர் தோளில் இறங்கி, மேடையில் வழிந்து, தரையில் விரிந்து, ஓட்டைக்குத் திரும்பியது. சுழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. பிரதாப் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முத்துமணி அவளைப் பார்த்தான். எல்லாரும் கழியின் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள்.

"என்ன எல்லாரும் எழவு வீட்ல நிக்கிற மாதிரி நிக்கிறீக?" என்றார் வெள்ளைச்சாமி, முகத்தில் வழிந்த தண்ணீருக்குள்ளிருந்து. "ஊத்து ஆத்தா."

இன்னொரு வாளி. இன்னொன்று. சத்தம் இல்லை. ஆனால் அன்றும் சத்தம் இல்லைதான். பொற்கொடி வாளியை அண்ணனின் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். அவள் வாசலைத் தாண்டி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, சரிவில் ஓடினாள். கால் நனைக்க மறந்துபோய் உள்ளறைக்குள் போனாள்.

சரோஜம்மாள் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தாள். கழி கீழே கிடந்தது. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைக் கூரையில், அந்தப் பழைய வளையம் இருந்த இடத்தில், முழுதாக அழுத்தி வைத்திருந்தாள். பொற்கொடியைப் பார்த்ததும் கையை எடுத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. காய்ந்த, வெள்ளைச் சுண்ணாம்பு.

குழாய்க்குள் தண்ணீர் இரைந்துகொண்டு தலைக்கு மேலே ஓடி, சுவரைத் தாண்டித் தோட்டத்தில் விழும் சத்தம் கேட்டது.

"இன்னும் ரெண்டு வாளி ஊத்தச் சொல்லு," என்றாள் சரோஜம்மாள், கையை மறுபடி கூரையில் வைத்துக்கொண்டு. "நான் இப்படியே இருக்கேன்."